1789 முதல் 1871 வரை: புரட்சிகளையும் தேசியவாதத்தையும் வகுப்பில் எப்படி நடத்துவது?

உலக வரலாற்றுப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி ஒரு பாடமாக வரும். இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பு இன்னொரு பாடமாக வரும். நடுவே தொழிற்புரட்சி, ஒரு தேர்வு, சில விடுமுறைகள். இரண்டாவதைத் தொடங்கும்போது முதலாவது மாணவர்களுக்குப் பாதி மறந்திருக்கும். புரட்சி என்றால் கில்லட்டின், தேசியவாதம் என்றால் ஜெர்மனியை இணைத்த பிஸ்மார்க் என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் மனப்பாடமாகிவிடும்.

ஆனால் இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை என்றே சொல்லலாம். 1789 ஜூன் 17 அன்று வெர்சாயில் மூன்றாம் எஸ்டேட்டின் (மதகுருமாரும் பிரபுக்களும் அல்லாத மற்ற எல்லா மக்களின்) பிரதிநிதிகள் தங்களைத் ‘தேசிய சபை’ என்று அறிவித்துக்கொண்டார்கள். ஆட்சி அரசனுக்குச் சொந்தமல்ல, தேசத்துக்குச் சொந்தம் என்ற உரிமைக் குரல் அதிலேயே இருக்கிறது. உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: அந்தத் தேசத்தில் யார் யார் சேர்த்தி? பாரிஸ் வழக்கறிஞர்கள் ஒரு பதில் சொன்னார்கள். கரீபியன் கரும்புத் தோட்ட அடிமைகள் வேறு பதில் சொன்னார்கள். பிஸ்மார்க்கிடம் மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது.

‘தேசத்தில் யார் சேர்த்தி?’ என்ற இந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரு பாடங்களையும் தொடர்ச்சியாக நடத்தும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பொருந்தும். 40 நிமிட பீரியட் சுமார் 14 தேவைப்படும். அவ்வளவு கிடைக்காதவர்கள் எதைக் குறைக்கலாம் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்கா, பிரான்ஸ், ஹைட்டி, லத்தீன் அமெரிக்கா, 1830, 1848, இத்தாலி, ஜெர்மனி என எல்லாவற்றுக்கும் சம நேரம் கொடுத்தால் எதுவுமே மனதில் நிற்காது. என் கணக்கு இது: பிரான்சுக்கு ஆறு பீரியட், ஹைட்டிக்கு மூன்று, நெப்போலியனுக்கு ஒன்று, இத்தாலி, ஜெர்மனிக்கு மூன்று, எழுத்துப் பயிற்சிக்கு ஒன்று. அமெரிக்கப் புரட்சியைத் தனியாக எடுக்க நேரமில்லை என்றால் பிரான்சின் கடனுக்குக் காரணமாக உள்ளே கொண்டுவந்துவிடலாம். பிரிட்டனோடு இருந்த பகையால் அமெரிக்கர்களுக்குப் பணமும் படையும் கொடுத்து பதினாறாம் லூயி கஜானாவைக் காலி செய்துகொண்ட கதை அது.

பல ஆசிரியர்கள் முதலில் வெட்டுவது ஹைட்டியைத்தான். பாடநூலில் ஒரு பத்தி, தேர்வில் கேள்வி வராது என்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் வெட்டாதீர்கள். வேறு வழியில்லை என்றால் நெப்போலியனின் போர்களை வெட்டுங்கள். ஆஸ்டர்லிட்ஸ் எந்த ஆண்டு என்று தெரியாமல் போவதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

படி 2: வகுப்பையே எஸ்டேட்ஸ் ஜெனரல் ஆக்குங்கள் (இரண்டு பீரியட்)

எஸ்டேட்ஸ் ஜெனரல் என்பது பிரான்சின் மூன்று எஸ்டேட்டுகளின் பிரதிநிதிகளை அரசர் கூட்டும் சபை. 1789 மே 5 அன்று கூடிய அது, அதற்கு முன் கூடியது 1614-இல். இந்த 175 ஆண்டு இடைவெளியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

பிரான்சின் மக்கள்தொகை அப்போது சுமார் 2 கோடியே 80 லட்சம். மதகுருமார், பிரபுக்கள் ஆகிய முதல் இரு எஸ்டேட்டுகளும் சேர்ந்தே நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். 40 பேர் உள்ள வகுப்பில் விகிதப்படி பார்த்தால் இரண்டு எஸ்டேட்டுக்கும் சேர்த்து ஓர் ஆள்கூடத் தேறாது. இதை மாணவர்களையே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு போனால் போகிறது என்று ஒருவரை மதகுருவாகவும் ஒருவரைப் பிரபுவாகவும் உட்கார வையுங்கள். மீதி 38 பேரும் மூன்றாம் எஸ்டேட்.

மூன்றாம் எஸ்டேட் என்றால் ஏழைகள் என்ற எண்ணம் இங்கேயே உடைய வேண்டும். அதனால் துண்டுச் சீட்டில் ஆளுக்கொரு பாத்திரம் எழுதிக் கொடுங்கள்: ஊர்ப்புற வழக்கறிஞர், திராட்சை விவசாயி, பாரிஸ் ரொட்டிக் கடைக்காரர், சலவைத் தொழில் செய்யும் பெண், கூலித் தச்சர். ஒரு சீட்டில் மட்டும் மறக்காமல் ‘நாந்த் துறைமுக வணிகர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிக் கரீபியனுக்கு அனுப்பும் கப்பல்களில் பங்கு உண்டு’ என்று எழுதுங்கள். இந்த வணிகர் நமக்குப் பின்னால் தேவைப்படுவார்.

தீர்மானம் ஒன்றே: ‘இனி பிரபுக்களும் மதகுருமாரும் எல்லோரையும் போல நிலவரி கட்ட வேண்டும்.’ பழைய வழக்கப்படி ஓர் எஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டு. 2-க்கு 1 என்று தீர்மானம் தோற்கும். வகுப்பில் கூச்சல் எழும், எழட்டும். பிறகு சொல்லுங்கள்: 1788 டிசம்பரில் அரசர் ஒரு சலுகை கொடுத்தார், மூன்றாம் எஸ்டேட்டின் பிரதிநிதிகள் எண்ணிக்கை இரட்டிப்பாக்கப்பட்டது. வகுப்பு முதலில் மகிழும். யாராவது ஒரு மாணவி, “எஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டுதானே சார், ஆள் எத்தனை இருந்தால் என்ன?” என்று கேட்கும் வரை காத்திருங்கள். அந்தக் கேள்வியைத்தான் அன்றைய பிரதிநிதிகளும் கேட்டார்கள். அதற்கு விடை கிடைக்காததால்தான் ஜூன் 17-உம், அரசியல் சட்டம் எழுதும்வரை கலைய மாட்டோம் என்ற ஜூன் 20-இன் டென்னிஸ் மைதான உறுதிமொழியும் வந்தன.

இரண்டாவது பீரியடில் ரொட்டி. 1788 கோடையில் ஆலங்கட்டி மழையால் பயிர் நாசம், அடுத்து கடும் குளிர்காலம், 1789 வசந்தத்தில் விலையேற்றம். கூலிக்காரர் வருமானத்தில் பாதிக்கும் மேல் ரொட்டிக்கே போனது. நீண்டகாலக் காரணம், உடனடிக் காரணம் என்று இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்லும் வழக்கம் நல்லதுதான். கூடவே ஒரு கேள்வி சேருங்கள்: அறுவடை நன்றாக இருந்திருந்தால் புரட்சி நடந்திருக்குமா? இதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. ஆனால் பட்டியலில் உள்ள காரணங்களை எடைபோடாமல் இதற்குப் பதில் எழுத முடியாது.

போகிற போக்கில் இரண்டு கட்டுக்கதைகளையும் கழற்றிவிடுங்கள். ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்று மேரி அன்டோனெட் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. பாஸ்டில் கோட்டையில் ஜூலை 14 அன்று இருந்த கைதிகள் ஏழே பேர்; கூட்டம் அங்கே போனதற்கு முக்கியக் காரணம் உள்ளே இருந்த வெடிமருந்து.

படி 3: ஒரே பக்கம், மூன்று பிரிவுகள் (ஒரு பீரியட்)

1789 ஆகஸ்ட் 26-இன் மனித உரிமைகள் பிரகடனத்தில் 17 பிரிவுகள் உள்ளன. முழுவதும் வேண்டாம். மூன்றை மட்டும் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். சாரம் இப்படி:

பிரிவு 1: மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள், அவ்வாறே இருக்கிறார்கள்.
பிரிவு 3: இறையாண்மை முழுவதும் தேசத்திடமே இருக்கிறது, தேசத்திடமிருந்து வராத அதிகாரத்தை எந்த அமைப்பும் எந்தத் தனிமனிதரும் செலுத்த முடியாது.
பிரிவு 17: சொத்து என்பது மீற முடியாத, புனிதமான உரிமை.

முதல் சுற்றில், இதில் யாருக்குக் கோபம் வரும் என்று கேளுங்கள். அரசர், பிரபுக்கள் என்று வரும். இரண்டாம் சுற்றில் நாந்த் வணிகரை எழுப்பி, பிரிவு 1-ஐ வாசிக்கச் சொல்லி, “உங்கள் கப்பலில் இருப்பவர்கள் மனிதர்களா?” என்று கேளுங்கள். அந்த மாணவர் கொஞ்சம் திணறுவார். பிறகு பிரிவு 17-ஐக் காட்டுங்கள். அடிமையைச் சொத்து என்று வைத்துக்கொண்டால் அதே பிரகடனம் அவர் பக்கம் பேசுகிறது. தோட்ட முதலாளிகளும் துறைமுக வணிகர்களும் பாரிஸில் இப்படித்தான் வாதாடினார்கள்.

இந்தப் பீரியடில் வேறு எதையும் திணிக்காதீர்கள். பிரிவு 1-உம் பிரிவு 17-உம் ஒரே தாளில் இருப்பதை மாணவர்கள் தாங்களாகப் பார்த்துவிட்டால் மீதிப் பாடத்துக்கு அதுவே போதும்.

படி 4: உள்ளே, வெளியே (இரண்டு பீரியட்)

என் அனுபவத்தில் மொத்தப் பாடத்தில் மாணவர்களுக்கு அதிகம் பிடிப்பது இந்தப் பகுதி. தயாரிப்புக்குச் சுண்ணாம்புக் கட்டியும் சில அட்டைகளும் போதும். தரையில் ஒரு பெரிய வட்டம் வரையுங்கள். வட்டத்துக்குள் நிற்பவர் குடிமகன். ஆளுக்கொரு அட்டை கொடுங்கள்: வரி கட்டும் கத்தோலிக்க ஆண், புராட்டஸ்டன்ட் வணிகர், கிழக்கு எல்லைப் பகுதியான அல்சாஸின் யூதர், வீட்டு வேலைக்காரர், கூலித் தொழிலாளி, நாடக நடிகர், சான் டொமிங்கில் (இன்றைய ஹைட்டி) நிலம் வைத்திருக்கும் கலப்பின மனிதர், அங்குள்ள அடிமை, பாரிஸ் பெண். நீங்கள் தேதியை வாசிக்க வாசிக்க, உரியவர் வட்டத்துக்குள் வர வேண்டும் அல்லது வெளியேற வேண்டும்.

– 1789 டிசம்பர்: புராட்டஸ்டன்ட்டுகள் உள்ளே. அதே விவாதத்தில் நடிகர்களுக்கும் மரண தண்டனை நிறைவேற்றுவோருக்கும் உரிமை உண்டா என்ற சர்ச்சை எழுந்தது; அவர்களும் உள்ளே. இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். ஏன் அவர்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.
– அதே மாதம்: மூன்று நாள் கூலிக்கு ஈடான வரி கட்டும், 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. மற்ற ஆண்கள் ‘செயலற்ற குடிமக்கள்’. கூலித் தொழிலாளி விளிம்பில் நிற்கட்டும்.
– 1790 ஜனவரி: தெற்கு பிரான்சின் யூதர்கள் உள்ளே. அல்சாஸ் யூதர் 1791 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும்.
– 1791 மே: சுதந்திரமான தாய் தந்தைக்குப் பிறந்த கலப்பின, கறுப்பின ஆண்கள் உள்ளே. செப்டம்பரில் மறுபடி வெளியே. 1792 ஏப்ரலில் மறுபடி உள்ளே.
– 1792 ஆகஸ்ட்: வரி நிபந்தனை நீங்கியது; 21 வயது நிரம்பிய ஆண்கள் ஓட்டுப் போடலாம். வீட்டு வேலைக்காரர் மட்டும் இன்னும் வெளியே.
– 1794 பிப்ரவரி: அடிமைமுறை ஒழிப்பு. அடிமை உள்ளே.
– 1802: நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தார். வெளியே. 1848-இல்தான் பிரெஞ்சுக் காலனிகளில் அது முற்றாக ஒழிந்தது.

எல்லாம் முடிந்தபின் பாரிஸ் பெண்ணின் அட்டையை வைத்திருப்பவர் அசையாமல் நின்றுகொண்டிருப்பார். “எனக்கு எப்போ சார்?” என்ற கேள்வி வரும். 1944 என்று சொல்லுங்கள். வகுப்பு நம்பாது.

இங்கேதான் ஒலம்ப் தெ கூஜை அறிமுகப்படுத்த வேண்டும். 1789 பிரகடனத்தைப் பிரிவுக்குப் பிரிவு எதிரொலித்து 1791-இல் பெண் உரிமைப் பிரகடனம் எழுதியவர். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் வேண்டும் என்று வாதாடியவர். 1793 நவம்பரில் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்துபோய் அரச குடும்பத்தையே பாரிசுக்கு அழைத்துவந்தவர்கள் சந்தைப் பெண்கள் என்பதையும் இதோடு சேர்த்துச் சொன்னால், உழைப்புக்கும் உரிமைக்கும் இருந்த தூரம் புரிந்துவிடும்.

வகுப்பறையில் இடமில்லாதவர்கள் இதையே சார்ட் தாளில் செய்யலாம். ஆனால் எழுந்து நடப்பதில் உள்ள பலன் சார்ட்டில் வராது.

படி 5: போரும் பயங்கர ஆட்சியும் (ஒரு பீரியட்)

புரட்சி அரசு தன் எதிரிகளைக் கில்லட்டினுக்கு அனுப்பிய 1793–94 காலமான பயங்கர ஆட்சியைப் பற்றி மாணவர்கள் இரண்டு நிலைகளில் ஒன்றை எடுப்பார்கள்: அதன் முக்கியத் தலைவர் ரோபெஸ்பியர் ஓர் அரக்கன், அல்லது எல்லாம் சூழ்நிலை. இரண்டையும் கொஞ்சம் ஆட்டிப் பார்க்க எண்களே போதும். முறையான தீர்ப்பு வழியாகக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 17,000 பேர். அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் மூன்றாம் எஸ்டேட்டைச் சேர்ந்தவர்கள். கில்லட்டின் பிரபுக்களுக்காக மட்டும் வந்தது என்ற படம் இதில் போய்விடும். மேற்கே வாந்தே பகுதியில் 1793 மார்ச்சில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து விவசாயிகளே கிளர்ந்தார்கள். அந்த உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் கில்லட்டினில் இறந்தவர்களைவிடப் பல மடங்கு. புரட்சியை எதிர்த்தவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல என்பதற்கு வாந்தே சான்று.

தேசியவாதத்துக்கான பாலம் இந்தப் படியில்தான் இருக்கிறது. 1793 ஆகஸ்ட் 23-இன் படைதிரட்டல் ஆணையை வாசித்துக் காட்டுங்கள். இளைஞர்கள் போர்முனைக்கு, மணமானவர்கள் ஆயுதம் செய்யவும் உணவு ஏற்றிச் செல்லவும், பெண்கள் கூடாரமும் உடையும் தைக்க, குழந்தைகள் பழைய துணியைக் காயக்கட்டுக்குப் பிரிக்க, முதியவர்கள் பொதுஇடத்தில் உட்கார்ந்து அரசர்கள்மேல் வெறுப்பையும் குடியரசின் ஒற்றுமையையும் போதிக்க. வட்டத்துக்கு வெளியே நின்ற பெண்ணுக்கும் குழந்தைக்கும் இந்த ஆணையில் வேலை உண்டு, ஓட்டுத்தான் இல்லை. தேசம் உரிமை கொடுக்கும் முன்பே கடமை கேட்டது. படி 4-இன் அட்டைகளை மறுபடி எடுத்து, யார் யாருக்கு என்ன வேலை என்று ஒட்ட வைத்துவிட்டால் பத்தே நிமிடத்தில் பாலம் கட்டியாகிவிடும்.

மொழி விஷயத்தையும் இங்கேயே தொட்டுவிடுங்கள். 1794-இல் பாதிரியார் கிரகுவார் மாநாட்டு சபையில் (அன்றைய பிரெஞ்சு நாடாளுமன்றம்) ஓர் அறிக்கை வைத்தார். பிரெஞ்சே தெரியாதவர்கள் 60 லட்சம் பேராவது இருக்கிறார்கள், சுத்தமாகப் பேசுபவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்றார். வட்டார மொழிகளை ஒழிக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இதே கிரகுவார்தான் யூதர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் உரிமை கேட்டுப் போராடியவர். ஒரே மனிதரிடம் இரண்டும் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

படி 6: ஹைட்டி (மூன்று பீரியட்)

சான் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனி, கரீபியன் தீவு ஒன்றின் மேற்குப் பகுதி. ஐரோப்பாவுக்குப் போன சர்க்கரையிலும் காபியிலும் பெரும் பங்கு அங்கிருந்துதான் போனது. 1789 வாக்கில் அங்கே அடிமைகள் ஏறக்குறைய 5 லட்சம், வெள்ளையர் 30,000 முதல் 40,000, அடிமையல்லாத கறுப்பின, கலப்பின மக்கள் சுமார் 30,000. இந்த எண்களை முதலில் வட்ட வரைபடமாக வரைய வையுங்கள். பிரான்சில் முதல் இரு எஸ்டேட்டுகளின் பங்கோடு அருகருகே வைத்தால் பேச்சே தேவையில்லை.

முதல் பீரியடில் மூன்று தரப்பையும் பிரிக்க வேண்டும். வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்கு வேண்டியது வணிக சுயாட்சி. கலப்பின நிலவுடைமையாளர்களுக்கு வேண்டியது வெள்ளையரோடு சமத்துவம். அவர்களில் பலர் தாங்களே அடிமைகள் வைத்திருந்தவர்கள். அவர்களுக்காக 1790-இல் ஆயுதம் எடுத்த வான்சான் ஒஷே 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொல்லப்பட்டார். அடிமைகளுக்கு வேண்டியது விடுதலை. 1791 ஆகஸ்டில் வட சமவெளித் தோட்டங்கள் எரியத் தொடங்கின. மூன்று தரப்புமே சுதந்திரம் என்றுதான் பேசின. ஆளுக்கு ஆள் அதன் பொருள் என்ன என்று ஒரு வரி எழுத வையுங்கள்.

இரண்டாவது பீரியட் ஹைட்டிப் புரட்சியின் தலைவர் துசேன் லூவெர்த்தூருக்கு. அடிமையாகப் பிறந்து, புரட்சிக்கு முன்பே விடுதலை பெற்றவர். முதலில் ஸ்பெயின் படையோடு சேர்ந்து பிரான்சை எதிர்த்தவர், 1794-இல் பிரான்ஸ் பக்கம் வந்தார். ஏன் மாறினார் என்பதற்குக் காலக்கோடு பார்க்க வேண்டும். காலனியின் ஆணையர் சோந்தோனா 1793 ஆகஸ்டில் வட மாகாணத்தில் அடிமைகளை விடுவித்தார். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் மாநாட்டு சபை எல்லாக் காலனிகளுக்கும் அதை விரித்தது. இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி: பாரிஸ் கொடுத்ததா, அடிமைகள் எடுத்துக்கொண்டதா? தேதிகளை வரிசையாக வைத்தால், பாரிஸ் சட்டம் போட்டபோது தீவில் விடுதலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது தெரியும். அந்தச் சபைக்குத் தீவிலிருந்து வந்த பிரதிநிதிகளில் ஒருவரான ழான் பாப்டிஸ்ட் பெல்லே, அடிமையாக இருந்தவர். ஓவியர் ஷிரோதே 1797-இல் வரைந்த அவருடைய படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஸ்மார்ட் போர்டு இருந்தால் ஐந்து நிமிடம் அதைப் பார்க்க விடுங்கள். மூவர்ணப் பட்டை எங்கே இருக்கிறது, அவர் சாய்ந்திருக்கும் வெள்ளைச் சிலை யாருடையது என்று தேடச் சொல்லுங்கள். அடிமைமுறையைக் கண்டித்து எழுதிய ரெய்னாலின் சிலை அது.

மூன்றாவது பீரியடில் 1802. நெப்போலியன் தன் மைத்துனர் லெக்லெர்க் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். துசேன் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, பிரான்சின் ஷூரா மலைக் கோட்டையில் 1803 ஏப்ரலில் இறந்தார். கிரெத் தா பியரோ கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சு வீரர்கள், உள்ளிருந்து தங்களுடைய புரட்சிப் பாடல்களே ஒலிப்பதைக் கேட்டு, ‘நியாயம் யார் பக்கம்?’ என்று தடுமாறியதை அவர்களுடைய தளபதி ஒருவரே பதிவு செய்திருக்கிறார். இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். மஞ்சள் காய்ச்சலும் போரும் பிரெஞ்சுப் படையைத் தின்றன. 1803 நவம்பரில் வெர்த்தியேரில் இறுதித் தோல்வி. 1804 ஜனவரி 1 அன்று துசேனின் தளபதியாக இருந்த தெசலின் விடுதலையை அறிவித்தார். 1805 அரசியல் சட்டம், ஹைட்டியர் அனைவரும் இனிப் பொதுவாகக் கறுப்பர் என்றே அறியப்படுவர் என்றது. பிரெஞ்சுப் படையிலிருந்து விலகி அங்கே தங்கிய போலந்துக்காரர்களுக்கும் சில ஜெர்மானியருக்கும்கூட அதுதான் பெயர். நிறம் அங்கே குடியுரிமையின் பெயராகிவிட்டது. 1804-இல் வெள்ளையர்கள் பெருமளவில் கொல்லப்பட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாரிஸின் பயங்கரத்தைக் காரணத்தோடு விளக்கிவிட்டு இதை மட்டும் காட்டுமிராண்டித்தனம் என்று தாண்டினால் மாணவர்கள் கவனிப்பார்கள்.

பின்விளைவுகளை விட்டுவிடாதீர்கள். 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்திக்கொண்டு 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது, 1838-இல் 9 கோடியாகக் குறைத்தது. சொத்தை இழந்தவர்களுக்கான ஈடு என்றார்கள். அந்தச் சொத்துக் கணக்கில் விடுதலையான மனிதர்களும் அடக்கம். பிரிவு 17 நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்கா ஹைட்டியை அங்கீகரித்தது 1862-இல்தான். தோற்று வந்த தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாருக்கு 1816-இல் ஆயுதமும் அடைக்கலமும் தந்த ஹைட்டித் தலைவர் பெத்தியோன் கேட்ட ஒரே விலை, விடுவிக்கும் இடங்களில் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்பது. லத்தீன் அமெரிக்காவுக்குத் தனிப் பீரியட் இல்லாதவர்கள் இந்த இழையைப் பிடித்தே பொலிவாரைச் சொல்லிவிடலாம். 1826-இல் அவர் கூட்டிய பனாமா மாநாட்டுக்கு ஹைட்டிக்கு அழைப்பு இல்லை.

படி 7: நெப்போலியன் (ஒரு பீரியட், போதும்)

இரண்டே செய்திகள். 1804 சிவில் சட்டம் பிறப்புச் சலுகையை ஒழித்தது, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் எழுதி வைத்தது. அடுத்து, ‘தேசம்’ என்ற எண்ணத்தைத் துப்பாக்கி முனையில் ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனவர்களை எதிர்க்கவும் அதே எண்ணமே பயன்பட்டது. 1808-இல் மாட்ரிட் எழுந்தது. பிரெஞ்சுப் படை பிடித்திருந்த பெர்லினில் 1807–08 குளிர்காலத்தில் தத்துவவாதி பிக்டே ஜெர்மன் தேசத்தைப் பற்றி உரையாற்றினார்.

படி 8: இத்தாலியும் ஜெர்மனியும் (மூன்று பீரியட்)

மாஜினி, கவூர், கரிபால்டி என்று மூவரையும் இதயம், மூளை, வாள் எனப் பிரித்து மனப்பாடம் செய்ய வைப்பது வழக்கம். மதிப்பெண்ணுக்கு உதவும், ஆனால் மூவரும் ஒருவரையொருவர் நம்பவே இல்லை என்பதை அது மறைத்துவிடும். மாஜினி 1831-இல் மார்செயில் ‘இளம் இத்தாலி’யைத் தொடங்கிய குடியரசுவாதி. அதன் உறுதிமொழியைப் பாரதி தமிழில் பாட்டாக்கியிருக்கிறார் என்பது நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. இந்திய விடுதலை இயக்கம் இத்தாலியை எவ்வளவு கூர்ந்து பார்த்தது என்பதற்கு அது ஒரு சான்று. கவூர் பீட்மான்ட்-சார்டினியா அரசரின் அமைச்சர். பிரான்சின் உதவிக்கு விலையாக சவாயையும் நீஸையும் 1860-இல் கொடுத்தார். நீஸ் கரிபால்டி பிறந்த ஊர். இத்தாலியை இணைக்க ஆயிரம் பேரோடு சிசிலிக்குக் கப்பலேறியவரின் சொந்த ஊர் அதே ஆண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

1861-இல் இத்தாலி முடியரசு பிறந்தபோது 2 கோடியே 20 லட்சம் மக்களில் ஓட்டுரிமை சுமார் 4 லட்சம் பேருக்கு. இத்தாலிய மொழியைப் பேச்சுமொழியாகக் கொண்டவர்கள் ஒரு மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 2.5 பேர்தான். படி 4-இன் வட்டத்தை மறுபடி வரைந்து, இத்தாலியில் எத்தனை பேர் உள்ளே என்று நிரப்பச் சொல்லுங்கள்.

ஜெர்மனிக்கு இரண்டு ஓவியங்கள் போதும். ஒன்று, 1848-இல் பிராங்பர்ட் நாடாளுமன்றம் கூடிய தேவாலயத்தில் தொங்கிய பிலிப் வைட்டின் ‘ஜெர்மானியா’: அறுந்த சங்கிலி, கறுப்பு-சிவப்பு-தங்கக் கொடி, உதிக்கும் சூரியன். மற்றது அன்டன் வான் வெர்னர் வரைந்த, 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்ட காட்சி: வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபம், சீருடை, உருவிய வாள்கள். இரண்டிலும் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? பிறகு ஒரு துப்பு கொடுங்கள். 1885-இல் வரைந்த பிரதியில் பிஸ்மார்க் வெள்ளைச் சீருடையில் இருக்கிறார். அன்று அவர் அணிந்திருந்தது நீலம். ஓவியர் நேரில் இருந்தவர். அப்படியானால் ஏன் மாற்றினார்? 1848-க்கும் 1871-க்கும் இடைப்பட்ட 23 ஆண்டுகளில் நடந்தவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: பிராங்பர்ட் நாடாளுமன்றம் கொடுத்த கிரீடத்தைப் பிரஷ்ய மன்னர் 1849-இல் மறுத்தார், பிஸ்மார்க் 1862-இல் இரும்பையும் ரத்தத்தையும் பற்றிப் பேசினார், 1864, 1866, 1870 என்று மூன்று போர்கள். ஆனால் புதிய பேரரசின் நாடாளுமன்றத்துக்கு 25 வயது நிரம்பிய எல்லா ஆண்களும் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். இல்லையென்றால் கதை ரொம்ப நேராகிவிடும்.

கடைசிப் பீரியட் அல்சாஸ் விவாதம். 1871-இல் ஜெர்மனி எடுத்துக்கொண்ட அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் பேசியது ஜெர்மன் வட்டார வழக்கு. அவர்களுடைய பிரதிநிதிகளோ போர்தோவில் கூடிய பிரெஞ்சுச் சபையில் இணைப்பை எதிர்த்தார்கள். பிரான்சின் தேசிய கீதமே 1792-இல் அல்சாஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் எழுதப்பட்டது. வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள்: மொழியும் வம்சமும்தான் தேசம் என்று ஒரு பக்கம், சேர்ந்து வாழும் விருப்பமே தேசம் என்று மறுபக்கம். இரண்டாவது பக்கத்துக்கு 1882-இல் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் பாரிஸில் ஆற்றிய உரை வழக்கறிஞராக இருக்கும். தேசம் என்பது அன்றாடம் நடக்கும் வாக்கெடுப்பு என்றவர் அவர். பாதி நேரத்தில் பக்கங்களை மாற்றிவிடுங்கள்.

படி 9: நம் ஊர்க் கேள்விகள் வரும்போது

அல்சாஸ் விவாதத்தின் நடுவில் யாராவது, “அப்போ தமிழ் பேசுறவங்க ஒரு தேசமா மிஸ்?” என்று கட்டாயம் கேட்பார். இலங்கையில் நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமாக வரும். அடக்கவும் வேண்டாம், உங்கள் அரசியலைச் சொல்லவும் வேண்டாம். கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டு, விவாதத்தில் வந்த அளவுகோல்களை – மொழி, விருப்பம், பொது நினைவு, ஓட்டு – அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாணவர்கள் இரண்டு முடிவுக்கு வந்தால் இரண்டையும் நோட்டில் எழுதட்டும். சாதி வைத்து எஸ்டேட்டுகளை ஒப்பிடுவார்கள்; ஒப்பிடலாம். ஆனால் பணம் சேர்த்த வணிகர் பதவி வாங்கிப் பிரபு ஆக முடிந்தது என்ற வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள்.

படி 10: கேள்வித்தாள்

‘பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை விவரி’ என்ற நெடுவினா பொதுத்தேர்வில் வரத்தான் செய்யும். அதற்குத் தனியாகப் பழக்குங்கள். வகுப்புத் தேர்வுக்கு இந்த மூன்றில் ஒன்றைக் கொடுக்கலாம்:

1. 1789 பிரகடனத்தின் பிரிவு 1-ஐ அதிகம் நிறைவேற்றியது பாரிஸா, ஹைட்டியா? மூன்று நிகழ்வுகளைத் தேதியோடு காட்டி எழுதுக.
2. 1793 படைதிரட்டல் ஆணை, 1871 வெர்சாய் ஓவியம் – இரண்டிலும் ‘தேசம்’ யார்?
3. இத்தாலி 1861-இல் ஒன்றானது என்பதை ஏற்கிறீர்களா?

10 மதிப்பெண் என்றால் நிலைப்பாட்டுக்கு 2, தேதியும் பெயரும் சரியான சான்றுகளுக்கு 5, எதிர்த்தரப்புக்குப் பதில் சொன்னதற்கு 3 என்று பிரிக்கிறேன். அந்த மூன்றை முதல் தேர்வில் பெரும்பாலோர் இழப்பார்கள். அதனால் தேர்வுக்கு முந்தைய பீரியடில், ஏற்கெனவே எழுதிய விடை ஒன்றின் கீழ் ‘ஆனால்’ என்று தொடங்கும் ஒரு பத்தியை மட்டும் பக்கத்து மாணவர் எழுத வேண்டும் என்று பயிற்சி கொடுங்கள். அடிக்கடி வரும் பிழைகள் இரண்டு: 1789-லேயே எல்லோருக்கும் ஓட்டு கிடைத்ததாக எழுதுவது, ஹைட்டியின் விடுதலையை நெப்போலியன் கொடுத்ததாக எழுதுவது. முதலாவதை எழுதியவரிடம் படி 4-இன் அட்டையையும், இரண்டாவதை எழுதியவரிடம் 1802 முதல் 1804 வரை வெறுமனே விட்ட ஒரு காலக்கோட்டையும் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். சிவப்பு மையில் திருத்துவதைவிட வேகமாக வேலை முடியும்.